பிரேக் லைட் கோளாறு: ஸ்விட்சை மாற்றும் முன் மின்சுற்றைச் சோதிக்கும் முறை

பிரேக் பெடலை மிதிக்கும்போது பின்னால் வரும் ஓட்டுநருக்கு நம் வண்டி தரும் எச்சரிக்கை பிரேக் லைட் ஒன்றுதான். அது எரியாமல் போனாலும், மிதிக்காதபோதே எரிந்துகொண்டிருந்தாலும், பின்னால் வருபவர் நம் வண்டியின் வேகத்தை ஊகித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே கோளாறு தெரிந்த பிறகு அதைச் சரிசெய்யும் வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காமல் இருப்பதே முறை. காரில் உள்ள மின்சுற்றுகளில் எளியவற்றுள் இதுவும் ஒன்று என்பதால், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை வண்டி நிற்கும் இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பிரேக் லைட் எரியவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்சைப் புதிதாக வாங்கி மாட்டுவதுதான். சில சமயம் அதிலேயே வேலை முடிந்துவிடும். பல சமயம் புது ஸ்விட்ச் போட்ட பிறகும் விளக்கு எரியாது. ஏனென்றால் கோளாறு ஃபியூஸிலோ, களிம்பேறிய எர்த் இணைப்பிலோ, டிக்கி மூடியின் கீல் அருகே அறுந்துபோன வயரிலோ இருந்திருக்கும். ஸ்விட்சை முதலில் மாற்றுவது தவறு. ஆனால் முதலில் சோதிப்பது சரி. சுற்றின் நடுவில் அது அமர்ந்திருப்பதால், அங்கே எடுக்கும் இரண்டே அளவீடுகள் கோளாறு ஸ்விட்சுக்கு முன்னால் இருக்கிறதா, ஸ்விட்சிலேயே இருக்கிறதா, அதைத் தாண்டிப் பின்பக்கம் இருக்கிறதா என்று பிரித்துக் காட்டிவிடும்.

மின்சாரம் போகும் வழி

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ் வழியாகப் பிரேக் லைட் ஸ்விட்சுக்கு வருகிறது. பெடலை மிதித்தால் ஸ்விட்சைக் கடந்து, வண்டியின் நீளம் முழுவதும் ஓடும் வயர் வழியாகப் பின்பக்கம் போய், இடது, வலது விளக்குகளையும் கண்ணாடிக்கு அருகே இருக்கும் மூன்றாவது விளக்கையும் எரியவைத்து, எர்த் வழியாக வண்டியின் உடலுக்கும் அங்கிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் திரும்புகிறது. இந்தச் சுற்றுக்கு வழக்கமாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். பல கார்களில் சாவி போடாமலேயே பிரேக் லைட் எரியும். சிலவற்றில் இக்னிஷன் ஆனில் இருந்தால்தான் எரியும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் எல்லாச் சோதனைகளையும் இக்னிஷனை ஆனில் வைத்தே செய்யுங்கள். இல்லாத கோளாறைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஸ்விட்ச் பெடல் கைக்கு மேலே ஒரு பிராக்கெட்டில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முனையில் பிளஞ்சர் எனப்படும் சிறு தண்டு ஒன்று ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கும். பெடல் ஓய்வில் இருக்கும்போது பெடல் கை அந்தத் தண்டை உள்ளே அழுத்திப் பிடித்திருக்கிறது. அப்போது ஸ்விட்சின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் பிரிந்திருக்கும். பெடலை மிதித்ததும் கை விலக, தண்டு வெளியே வர, தொடுமுனைகள் சேர்ந்துகொள்கின்றன. அதாவது பெடலை அழுத்தும்போது ஸ்விட்ச் விடுபடுகிறது. இந்தத் தலைகீழ் ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், கழற்றிக் கையில் வைத்திருக்கும் நல்ல ஸ்விட்ச் எப்போதும் இணைப்பு காட்டுகிறதே என்று அதைக் கெட்டுப்போனதாக முடிவுகட்டிவிடுவோம். தண்டை விரலால் அழுத்தினால் இணைப்பு போக வேண்டும், விட்டால் வர வேண்டும். அதுதான் சரியான நடத்தை.

மிகப் பழைய கார்கள் சிலவற்றில் ஸ்விட்ச் பெடலில் இருக்காது. பிரேக் ஆயில் குழாயிலோ, பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கும், ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்யும். அவற்றில் கனெக்டரைக் கழற்றும்போது ஆயில் ஈரம் தென்பட்டால் ஸ்விட்ச் கசிகிறது என்று பொருள். அது விளக்குக் கோளாறாக மட்டும் நிற்காது, பிரேக் கோளாறாகவே முடியும் என்பதால் உடனே மாற்ற வேண்டும்.

ஸ்விட்சுகள் ஏன் கெடுகின்றன என்பதையும் தெரிந்துகொள்வது பயன்படும். சாதாரண பிரேக் லைட் பல்பு 21 வாட்; 12 வோல்ட்டில் கணக்கிட்டால் ஒன்றுக்கு 1.75 ஆம்பியர், இரண்டுக்கு 3.5 ஆம்பியர். ஆனால் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை சூடாக இருக்கும்போது உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எனவே ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் முதல் நொடியின் மிகச் சிறிய பகுதியில் இதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் அந்தச் சின்னத் தொடுமுனைகளைக் கடக்கிறது. நகரப் போக்குவரத்தில் ஒரு நாளில் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், தொடுமுனைகள் கருகித் தேய்வதில் வியப்பில்லை. பின்னால் ஏற்றப்படும் எல்இடி விளக்குகள் இந்தச் சுமையைக் குறைக்கின்றன.

பிற்காலக் கார்களில் ஸ்விட்ச் விளக்குகளை நேரடியாக எரியவைப்பதில்லை. பெடல் மிதிக்கப்பட்டது என்ற தகவலை மட்டும் பாடி கண்ட்ரோல் மாட்யூல் எனப்படும் கணினிக்குத் தருகிறது. விளக்குகளுக்கு மின்சாரம் தருவது அந்த மாட்யூல். பல கார்களில் ஸ்விட்சில் நான்கு வயர்கள் இருக்கும், அதாவது உள்ளே இரண்டு ஜோடித் தொடுமுனைகள். ஒரு ஜோடி மிதித்தால் சேரும், மற்றொன்று மிதித்தால் பிரியும். கணினி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. மூன்று வயர் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தொடுமுனை இல்லாமல் காந்தப்புலத்தை உணர்ந்து வேலை செய்யும் ஹால் சென்சார் வகை. அதை இணைப்புச் சோதனையால் பரிசோதிக்க முடியாது, இயங்கும்போது வெளிவரும் மின்னழுத்தத்தை வைத்தும், வண்டியின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் ஸ்கேனரை வைத்தும்தான் பார்க்க வேண்டும்.

மீட்டரை எடுப்பதற்கு முன்

அறிகுறிகளைச் சரியாகக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, கீழே இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். மூன்று விளக்குகளும் எரியவில்லை என்றால் மூன்றுக்கும் பொதுவான இடத்தில், அதாவது ஃபியூஸிலோ ஸ்விட்சிலோ பின்பக்கம் போகும் பொது வயரிலோ, கோளாறு இருக்கும். ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். அந்த பல்பையும் ஹோல்டரையும் எர்த்தையும் பாருங்கள். மேலே இருக்கும் மூன்றாவது விளக்கு எரிந்து கீழே இரண்டும் எரியவில்லை என்றாலும் ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பல்புகளும் ஒரே நாளில் போவது அரிது என்றாலும், முதல் பல்பு போனதை யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டி, இரண்டாவதும் போன பிறகுதான் பலருக்கும் தெரியவருகிறது. ஆகவே பல்புகளைக் கழற்றி இழையைக் கண்ணால் பார்த்துவிடுவது அவசியம்.

பிரேக் லைட்டுக்கு வெளியேயும் அறிகுறிகள் உண்டு. ஆட்டோமேடிக் காரில் கியர் லீவர் பார்க்கிலிருந்து நகர மறுப்பது, பட்டனை அழுத்தினால் என்ஜின் கிளம்பாமல் பிரேக்கை மிதிக்கச் சொல்வது, க்ரூஸ் கண்ட்ரோல் ஏற்காமல் இருப்பது, ஏபிஎஸ் அல்லது ஸ்டெபிலிட்டி எச்சரிக்கை விளக்கு எரிவது ஆகிய எல்லாமே பெடல் மிதிக்கப்பட்ட செய்தி கணினிக்குப் போகவில்லை, அல்லது தவறாகப் போகிறது என்பதைக் காட்டக்கூடியவை. விளக்குகள் நன்றாக எரிந்தும் இவற்றில் ஒன்று இருந்தால், நான்கு வயர் ஸ்விட்சில் இரண்டாவது ஜோடியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்கேனர் இருந்தால் கோடுகளை, அதாவது கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படித்துக்கொள்ளுங்கள். P0571 என்பது A எனப்படும் பிரேக் ஸ்விட்ச் சுற்றில் கோளாறு என்கிறது. P0572 அதே சுற்றில் மின்னழுத்தம் குறைவாக இருப்பதையும், P0573 அதிகமாக இருப்பதையும் குறிக்கின்றன. P0703 B எனப்படும் ஸ்விட்ச் சுற்றைச் சுட்டுகிறது. P0504 இருந்தால் A, B இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான செய்தி தருகின்றன. எந்தக் கோடும் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை, சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் பலரும் செலவழிக்கிறார்கள். கோடுகளைவிடப் பயனுள்ளது ஸ்கேனரின் நேரடித் தகவல் பக்கம்: அதில் பிரேக் ஸ்விட்ச் வரியைப் பார்த்தபடி பெடலை மெல்ல மிதித்து விடுங்கள். நிலை தெளிவாக மாறினால் ஸ்விட்சின் செய்தி கணினி வரை போய்ச் சேர்கிறது என்று உறுதி.

பிறகு ஃபியூஸ். மூடியின் உட்புறம் இருக்கும் படத்தையோ வண்டியின் கையேட்டையோ பார்த்து ஸ்டாப் லைட்டுக்குரிய ஃபியூஸைக் கண்டுபிடியுங்கள். அதைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதைவிட, இருக்கும் இடத்திலேயே விட்டு, மேல்முனையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மின்னழுத்தத்தை அளப்பது நல்லது. இரண்டிலும் 12 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் எரிந்திருக்கிறது. இரண்டிலும் வரவில்லை என்றால் ஃபியூஸுக்கு முன்னாலேயே கோளாறு. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதைவிடப் பெரிய ஆம்பியர் ஃபியூஸை ஒருபோதும் போடாதீர்கள். ஃபியூஸ் எரிய மறுத்தால் வயர் எரியும்.

ஸ்விட்சில் எடுக்கும் இரண்டு அளவீடுகள்

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்டியரிங்கின் அடியில் மஞ்சள் உறை போட்ட வயர்களோ கனெக்டர்களோ தெரிந்தால் அவை ஏர்பேக்கைச் சேர்ந்தவை; அவற்றில் மீட்டர் முனை படவே கூடாது. மேனுவல் காரில் கிளட்ச் பெடலுக்கும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். தலைகீழாகப் படுத்தபடி இருட்டில் பார்க்கும்போது இரண்டையும் மாற்றிக்கொள்வது எளிது. எந்தப் பெடல் கையைத் தண்டு தொடுகிறது என்று விரலால் தடவி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, கறுப்பு முனையை வண்டியின் நல்ல எர்த்தில் பிடித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் பூசிய இடத்தில் பிடித்தால் அளவு தவறாக வரும். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறத்தில் வயர் நுழையும் இடைவெளி வழியாக மெல்லிய ஊசி முனையைச் செலுத்தித் தொடுங்கள். முன்பக்கத் துளையில் தடித்த முனையைத் திணித்தால் பிடிப்பு தளர்ந்து நீங்களே புதிய கோளாறை உண்டாக்கிவிடுவீர்கள். விளக்குகளை நேரடியாக இயக்கும் இரண்டு வயர் ஸ்விட்சில், பெடலை மிதிக்காதபோது ஒரு வயரில் பேட்டரியின் மின்னழுத்தம், அதாவது ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்க வேண்டும், மற்றதில் பூஜ்யமோ அதற்கு அருகிலோ இருக்க வேண்டும். மிதித்தால் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும்.

இரண்டு வயரிலுமே ஒன்றும் வரவில்லை என்றால் கோளாறு ஸ்விட்சுக்கு முன்னால். ஃபியூஸ் நன்றாக இருப்பதை முன்பே பார்த்திருந்தால், ஃபியூஸ் பெட்டிக்கும் ஸ்விட்சுக்கும் இடையே வயர் அறுந்திருக்கிறது அல்லது ஒரு கனெக்டர் தளர்ந்திருக்கிறது. மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றில் மட்டும் மின்னழுத்தம் வந்தால் ஸ்விட்ச் மூடவில்லை. மிதித்தபோது இரண்டிலும் முழுதாக வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் ஸ்விட்சை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள். மிதிக்காதபோதே இரண்டிலும் வந்தால் அது வேறு வகை. அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஸ்விட்ச் மூடவில்லை என்று தெரிந்தாலும் உடனே அதைக் கெட்டதாகக் கருத வேண்டாம். பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, தண்டு முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விட்ச் பெடல் கையை நோக்கி அளவுக்கு மீறி நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தால் பெடல் வெகுதூரம் இறங்கிய பிறகுதான் விளக்கு எரியும். தண்டு அழுக்கில் சிக்கி உள்ளேயே நின்றுவிடுவதும் உண்டு. தண்டு வெளியே வந்தும் மின்சாரம் கடக்கவில்லை என்றால், கனெக்டரைக் கழற்றி, 10 ஆம்பியர் ஃபியூஸ் சேர்த்த ஒரு ஜம்பர் வயரால் கனெக்டரின் இரண்டு முனைகளையும் இணையுங்கள். விளக்குகள் எரிந்தால் ஸ்விட்ச்தான் குற்றவாளி, மாற்றிவிடலாம். இந்த ஜம்பர் சோதனை இரண்டு வயர் ஸ்விட்சுக்கு மட்டுமே. நான்கு வயர் உள்ள கார்களில் எந்த வயர் எதற்கு என்று வயரிங் வரைபடத்தைப் பார்க்காமல் இணைத்தால் கணினிக்குச் சேதம் வரலாம். அங்கே கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்விட்சின் ஊசிகளில் மட்டும் ஓம் அளவில் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஜோடி மிதித்தால் சேர வேண்டும், மற்ற ஜோடி மிதித்தால் பிரிய வேண்டும்.

12 வோல்ட் காட்டியும் விளக்கு எரியாதபோது

பலரையும் திணறடிக்கும் இடம் இதுதான். உறவினர் ஒருவரின் காரில் பிரேக் லைட் இரண்டும் எரியவில்லை. பல்புகளைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டியது. பல்பை மாட்டினால் எரியவில்லை. அந்த பல்பையே நேராகப் பேட்டரியில் பிடித்தால் பளிச்சென்று எரிந்தது. ஒரு மாலை முழுவதும் ஓடிவிட்டது. கடைசியில் பல்பை மாட்டி, பெடலை மிதித்தபடியே ஹோல்டரில் அளந்தபோது மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கும் கீழே விழுந்திருந்தது. பின் இருக்கைக்கு அடியில் ஈரம் தேங்கிய இடத்தில் ஒரு கனெக்டரைத் திறந்து பார்த்தபோது, அதன் ஊசி பச்சைக் களிம்பு பூத்து மயிரிழை அளவுக்கு மெலிந்திருந்தது.

மல்டிமீட்டர் தன் வழியாக ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. மயிரிழை அளவுக்கு இணைப்பு மிச்சமிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டிவிடும். ஆனால் பல்பு கேட்கும் 1.75 ஆம்பியரை அந்த மயிரிழை தர முடியாது. எனவே சுமை இல்லாமல் எடுக்கும் அளவீட்டை நம்பாதீர்கள். பல்பு மாட்டியிருக்க, பெடல் மிதித்திருக்க அளப்பதே உண்மையைச் சொல்லும். பழைய முறை டெஸ்ட் லாம்ப் இந்த இடத்தில் மீட்டரைவிட நேர்மையானது, ஏனென்றால் அது தானே கொஞ்சம் மின்னோட்டம் இழுத்து இணைப்பைச் சோதிக்கிறது. ஆனால் கணினிக்குப் போகும் செய்தி வயர்களில் டெஸ்ட் லாம்பை வைக்கக் கூடாது.

மின்னழுத்த இழப்பை அளக்கும் முறை இதைத் துல்லியமாக்கும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பு முனையைப் பல்பு ஹோல்டரின் மின்சாரம் வரும் முனையிலும் வையுங்கள்; எட்டாவிட்டால் நீளமான வயரைச் சேர்த்துக்கொள்ளலாம். பல்பு மாட்டிப் பெடலை மிதித்தபோது அங்கே தெரிவது, பேட்டரியிலிருந்து பல்பு வரை வழியில் தொலைந்துபோன மின்னழுத்தம். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் கறுப்பு முனையை ஒவ்வொரு கட்டமாக முன்னோக்கி நகர்த்துங்கள்: பின்பக்கக் கனெக்டர், ஸ்விட்சின் வெளிவரும் வயர், ஸ்விட்சுக்குள் போகும் வயர், ஃபியூஸ். எந்த இரண்டு இடங்களுக்கிடையே அளவு சட்டென்று குறைகிறதோ, கோளாறு அவற்றுக்கு நடுவே இருக்கிறது. ஸ்விட்சின் இரண்டு வயர்களுக்கும் நடுவே மட்டும் அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தொடுமுனைகள் கருகிவிட்டன, விளக்கு எரிந்தாலும் அந்த ஸ்விட்ச் நீண்ட நாள் நிற்காது.

எர்த் பக்கத்தையும் இதே போல அளக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவுக்கும் ஹோல்டரின் எர்த் முனைக்கும் இடையே 0.1 முதல் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் கெட்டிருந்தால் வேறு ஓர் அடையாளமும் தெரியும். பிரேக்கை மிதிக்கும்போது அதே பக்கத்து இண்டிகேட்டரோ, பார்க் லைட்டோ மங்கலாக எரியும். போக வழி இல்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாக எர்த்தைத் தேடிப் போவதுதான் காரணம். அந்த விளக்குத் தொகுதியின் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு போய், வண்டி உடலில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி உலோகம் தெரியும்படி செய்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அறுந்த வயர்களுக்கு என்று ஓர் இடம் உண்டு. டிக்கி மூடி அல்லது பின் கதவு திறந்து மூடும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் வயர்கள் பல ஆண்டுகள் வளைந்து நிமிர்ந்து, உறை வெடித்து, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மூடியைத் திறந்தால் எரிந்து, மூடினால் அணையும் விளக்கு இருந்தால் முதலில் அந்த ரப்பரை உருவிப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் வயரும் உறைக்குள் அறுந்திருக்கலாம். மெல்ல இழுத்தால் நீளும் வயர் உள்ளே அறுந்த வயர். அதை முறுக்கி டேப் சுற்றுவது சில மாதங்களுக்குக்கூட நிற்காது. வளையும் தன்மையுள்ள புதிய வயர்த் துண்டைச் சேர்த்து, இணைப்பு வளைவில் வராதபடி தள்ளி வைத்து, கிரிம்ப் செய்தோ சால்டர் செய்தோ சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும்.

மிதிக்காமலேயே எரியும் விளக்கு

இது பின்னால் வருபவரை ஏமாற்றுவதோடு பேட்டரியையும் குடித்துவிடும். இரண்டு 21 வாட் பல்புகள் 3.5 ஆம்பியர் எடுக்கும் என்று பார்த்தோம். 45 ஆம்பியர் மணி பேட்டரியை அவை கணக்குப்படி 13 மணி நேரத்துக்குள் வற்றவைத்துவிடும். இரவு நிறுத்திய வண்டி காலையில் கிளம்பாது.

ஒரு காலை என் வண்டியே அப்படிக் கிளம்பாமல் நின்றது. குனிந்து பார்த்தபோது கால் விரிப்பின் மீது வெளிறிய பிளாஸ்டிக் துணுக்குகள் மூன்று நான்கு கிடந்தன; விரலால் நசுக்கினால் உலர்ந்த சருகைப் போல நொறுங்கின. பெடல் கையில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதை அடைத்து ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் ஸ்டாப்பர் பொருத்தியிருப்பார்கள், ஸ்விட்சின் தண்டு அதன் மேல்தான் அழுந்தும். வெயிலிலும் வயதிலும் அந்த ஸ்டாப்பர் காய்ந்து உடைந்தால் தண்டு துளைக்குள் புகுந்துவிடும். பெடல் மேலே இருந்தாலும் ஸ்விட்சுக்குப் பெடல் மிதித்திருப்பதாகவே தோன்றும். புது ஸ்டாப்பர் கிடைக்கும் வரை அந்தத் துளையில் ஒரு போல்ட்டையும் நட்டையும் போட்டு இறுக்கித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஸ்விட்ச் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

ஸ்டாப்பர் இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பெடல் கையிலிருந்து விலகிப் பொருந்தியிருக்கிறது. கழற்றியும் எரிந்தால் பின்பக்கத்தில் எங்கோ வேறொரு மின்சாரம் இந்த வயருக்குள் கலக்கிறது. அதற்கு அடிக்கடி காரணம் தவறான பல்பு: பார்க் லைட்டும் பிரேக் லைட்டும் சேர்ந்த 21/5 வாட் இரட்டை இழை பல்பின் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும்; அந்த ஹோல்டரில் ஒற்றை இழை பல்பை வலிந்து திணித்தால் அதன் ஒரே தொடுபுள்ளி இரண்டு முனைகளையும் சேர்த்துவிடும். ஹெட்லைட் போட்டால் மட்டும் பிரேக் லைட் எரிகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். இழுவை வண்டிக்கான சாக்கெட் பொருத்திய கார்களில் அதற்குள் தண்ணீர் புகுந்தும் இதே தொல்லை வரும். விளக்குகளைக் கணினி இயக்கும் கார்களில் மட்டும் இந்தச் சோதனையை அப்படியே நம்ப வேண்டாம். கனெக்டரைக் கழற்றினால் கணினி பாதுகாப்புக்காக விளக்கைத் தானே எரியவைக்கக்கூடும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால்

எப்போது எரிகிறது என்பதே இடத்தைக் காட்டும். புது ஃபியூஸ் போட்டதுமே, பெடலைத் தொடாமலேயே எரிந்தால் ஃபியூஸுக்கும் ஸ்விட்சுக்கும் இடையே வயர் எர்த்தைத் தொடுகிறது. மிதித்தவுடன் எரிந்தால் ஸ்விட்சைத் தாண்டிய பகுதியில் ஷார்ட். அதைத் தேட ஒவ்வொரு முறையும் ஃபியூஸைச் செலவழிக்க வேண்டியதில்லை. பின்னால் இருக்கும் பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டு வயர் வைத்த ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும் வரை, பெடல் மிதித்தால் அந்த பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அதற்கு மேல் மின்னோட்டம் போகாது என்பதால் வயருக்கு ஆபத்தில்லை. பின்பக்கக் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில்.

இந்த வேலையில் ஓம் மீட்டரைப் பயன்படுத்துவோர் ஒரு பொறியில் விழுவதுண்டு. பல்புகளைக் கழற்றாமல் பிரேக் லைட் வயருக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் மீட்டர் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டும். அது ஷார்ட் இல்லை. குளிர்ந்த இழைகளின் மின்தடையே அவ்வளவுதான்.

புதிய ஸ்விட்சைப் பொருத்தும்போது

திருகும் வகையில் லாக் நட்டைத் தளர்த்தி, தண்டு பெடல் ஓய்வில் இருக்கும்போது அழுந்தி, பெடல் சற்றே இறங்கியதும் விடுபடும்படி அமைத்து இறுக்க வேண்டும். இடைவெளியின் துல்லியமான அளவை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும். பல்லுள்ள தண்டு வகையில் பெடலை மிதித்துப் பிடித்து, ஸ்விட்சை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, பெடலை மெல்ல மேலே இழுத்தால் டிக் டிக் என்ற ஓசையோடு தானே அளவுக்கு வந்து நிற்கும். இவ்வகை ஸ்விட்சுகளில் பலவற்றை ஒருமுறை அளவு பொருத்திய பிறகு கழற்றி மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பக்கத்தில் பெடல் அச்சுக்குக் கிரீஸ் வைக்க நேர்ந்தால் சிலிக்கோன் கிரீஸைத் தவிருங்கள். அது ஸ்விட்சுக்குள் போனால் தொடுமுனைகளில் மின்சாரம் கடக்காத படலத்தை உண்டாக்கும்.

ஸ்விட்சைப் பெடலை நோக்கி அளவுக்கு மீறித் தள்ளிவைப்பது விளக்குக் கோளாறைவிட ஆபத்தானது. பெடல் முழுதாக மேலே வர முடியாமல் அது தடுத்துவிட்டால், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும். பிரேக் முழுதாக விடாமல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். எனவே பொருத்திய பிறகு பெடலைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். ஸ்விட்சின் உடலில் இடித்து நிற்கக் கூடாது, தன் சொந்தத் தடுப்பில்தான் நிற்க வேண்டும். பின்னர் ஸ்கேனரில் கோடுகளை அழித்து, பெடலை மெல்லத் தொட்டதும் மூன்று விளக்குகளும் எரிகின்றனவா, விட்டதும் ஒருசேர அணைகின்றனவா, கியர் லீவரும் க்ரூஸ் கண்ட்ரோலும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாகச் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைப் படாமல் நீட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவான வெதுவெதுப்பில் இருந்தால் போதும், கடுஞ்சூடோ கருகல் நாற்றமோ இருந்தால் ஸ்விட்சின் அளவைத் திரும்பச் சரிபாருங்கள்.